பெல்ட் இல்லாமல் வந்த சின்னம்மா

மாத்தளையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் யாராவது பெரிய மனிதர் இருந்தார் என்றால் அது சின்னம்மாதான். அப்பா அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க். அவர் கடைத்தெருவில் நடந்து போனால் ஆடுகூட வழிவிடாது. அம்மாவின் தங்கையான சின்னம்மா, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியும் பெல்ட்டுமாக இறங்கினால், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட "மிஸ்ஸி வாறாங்க" என்று ஒதுங்கி நிற்பார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஆஸ்பத்திரியில் யார் எவர் என்று பெல்ட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வெள்ளைப் பெல்ட் நர்ஸ். கருநீலப் பெல்ட்டில் வெள்ளிக் கொளுவி மின்னினால் வார்ட் சிஸ்டர். பெல்ட்டே இல்லாவிட்டால் கூட்டித் துடைக்கிற ஆயா. பெண்கள் வார்ட்டில் இருந்த சிஸ்டர் மாற்றலாகிப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் புதிதாக யாரும் வரவில்லை. அந்த வேலை முழுவதையும் வெள்ளைப் பெல்ட்டுடன் சின்னம்மாதான் பார்த்தார். சிஸ்டருக்கென்று போட்டிருந்த கதிரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது.

ஒரு நாள் கால் கடுத்துப்போய் சின்னம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். பெரிய டாக்டர் உள்ளே வந்ததும் அந்த நேரம் பார்த்துத்தான். சனிக்கிழமை மேட்ரனின் அறைக்கு வரச் சொல்லி ஆளனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. நர்ஸ் வேலைக்குப் போகக் கூடாது என்று யாழ்ப்பாணத்தில் தாத்தா ஒற்றைக் காலில் நின்றவர். மீறிப் போனதற்காக மகளோடு பேச்சையே விட்டுவிட்டவர். வேலை போனால் சின்னம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். வேலை போகாவிட்டாலும் லக்கல பக்கம் எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று அப்பா ஆறுதல் சொன்னார். அங்கே பஸ் வருவதைவிட யானை வருவதுதான் அதிகம் என்றும் சேர்த்துச் சொன்னார். அப்பாவின் ஆறுதல் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் சின்னம்மா வந்தார். நான்தான் முதலில் கண்டேன். தொப்பி இருந்தது. சட்டை இருந்தது. இடுப்பில் பெல்ட் இல்லை. சட்டை தொளதொளவென்று தொங்க, தலையைக் குனிந்துகொண்டு வீட்டின் பக்கவாட்டால் கிணற்றடிக்குப் போனார்.

ஆஸ்பத்திரித் தீட்டுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஆஸ்பத்திரியால் வந்தால் சின்னம்மா தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். அதுவரை யாரும் அவரைத் தொடவும் கூடாது, அவரோடு கதைக்கவும் கூடாது. சட்டம் போட்டவர் அம்மா. சீலையையும் துவாயையும் கல்லில் வைத்துவிட்டு அம்மாவே தள்ளி வந்துவிடுவார். அன்றைக்கும் அப்படியே வைத்துவிட்டு வந்து, குசினி வாசலில் இருந்து ஒப்பாரியைத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, பெல்ட்டைக் கழட்டிப்போட்டெல்லோ அனுப்பியிருக்கினம்!"

அப்பா உடனே மந்திரிக்கு ஆங்கிலத்தில் மனு எழுத உட்கார்ந்தார். அடுத்த வீட்டு உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மிஸ்ஸிக்கு என்ன புள்ள நடந்த?" என்று கேட்டவர், பதில் கிடைக்கும் முன்பே முந்தானையால் மூக்கைச் சிந்தினார். கிணற்றடியில் வாளி ஏறி இறங்கும் சத்தம் மட்டும் நின்றபாடில்லை. கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். அந்த அழுகைக்கு நடுவிலும் அம்மா என் காதைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

கடைசியில் ஈரத்தலையில் துவாயோடு சின்னம்மா உள்ளே வந்தார்.

"என்னக்கா, ஆர் செத்தது?"

 "பெல்ட்" என்று நான்தான் சொன்னேன். சின்னம்மா தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"ஐயோ, அதுவோ! பழசைக் குடுத்தாத்தானே ஸ்டோர்ஸில புதுசு தருவினம். குடுத்தாப் பிறகு பாத்தா, அலுமாரியைத் திறக்கிற திறப்பை ஸ்டோர்கீப்பர் உக்குவளையில தன்ர வீட்டில மறந்து விட்டிட்டு வந்திட்டாராம். திங்கக்கிழமை வாங்கு எண்டார். பெல்ட் இல்லாமல் றோட்டால வரத்தான் வெக்கமாப் போச்சு."

"புதுசோ? என்ன புதுசு?" என்றார் அப்பா.

"கொழும்பில இருந்து ஓடர் வந்திட்டுதாம். இனி அந்தக் கதிரையில பயமில்லாமல் இரு எண்டு மேட்ரன் சொன்னவ. நான் இப்ப சிஸ்டர், அத்தான்!"

மாரிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. உம்மா வேலிக்கு அந்தப் பக்கம் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்பா மனுவைக் கசக்கி எறிந்துவிட்டு, "வாசலிலையே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார்.

"குளிக்க முந்தி ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாதெண்டு அக்காதானே சொன்னவ" என்றார் சின்னம்மா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மாலை சின்னம்மா கருநீலப் பெல்ட்டுடன் வந்து, வழக்கம்போல் கிணற்றடிப் பக்கம் திரும்பினார். அம்மா தெருப் படலை வரைக்கும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் முன்வாசலால் உள்ளே கூட்டிவந்து, அப்பாவின் சாய்மனைக் கதிரையில் உட்கார வைத்தார்.

"அம்மா, சின்னம்மா இன்னும் குளிக்கேல்லை!" என்று நான் கத்தினேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

நானே ஒரு முடிவுக்கு வந்தேன். ஆஸ்பத்திரித் தீட்டு வெள்ளைப் பெல்ட்டுக்குத்தான், சிஸ்டர்மாருக்கு அது ஒட்டாது. அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா கையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்க, சின்னம்மா ஏன் அப்படித் தேம்பித் தேம்பி அழுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. புதுப் பெல்ட் இறுக்குகிறதாக்கும் என்று நினைத்து, கொளுவியைக் கழற்றிவிடப் போனேன்.