பெயர் கூப்பிட்டபோது நான் டீக்கடையில் இருந்தேன்!

இன்று காலை மாத்திரை வாங்கப் போன இடத்தில் என் மானம் போயிற்று!

(சந்தோஷமாகத்தான் சொல்கிறேன். முழுவதும் படியுங்கள்.)

கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை பிரஷர், சுகர் மாத்திரை வாங்குகிறேன். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. டோக்கன் நம்பர்தான். "பதினாலு!" என்றால் பதினாலு எழுந்து போக வேண்டும்.

ஏன் நம்பர் என்பது எனக்கும் சேகருக்கும் மட்டும்தான் தெரியும். சேகர் ஸ்டீல் கம்பெனித் தொழிலாளி; அவரும் இங்கேதான் மாத்திரை வாங்குகிறார். கொரோனா இரண்டாம் அலையில் நாங்கள் இருவரும் ஒரே வார்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

இன்று மாத்திரை கொடுக்கும் மல்லிகா சிஸ்டர்தான் அன்று அந்த வார்டு நர்ஸ்.

தலை முதல் கால் வரை வெள்ளை உடை. முகமே தெரியாது. முதுகில் மார்க்கர் பேனாவால் 'மல்லிகா' என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அந்த முதுகுதான் முகம்!

தினமும் காலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆக்சிஜன் அளவு குறிப்பார். முதல் நாள் என் பெயர் வந்ததும், வாத்தியார் வேலையில் 'உள்ளேன் ஐயா' கேட்டுக் கேட்டு வந்த பழக்கதோஷத்தில் "உள்ளேன் சிஸ்டர்!" என்றேன்.

வார்டே சிரித்தது. (சிரித்துவிட்டு இருமியது.)

மறுநாள் முதல் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். சேகர் மட்டும், "கீறேன் சிஸ்டர்!"

ஒருநாள் காலை ஜன்னலோரக் கட்டில் பெரியவரின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டார்.

மறுநாள் பெயர் வரவில்லை. "கட்டில் ஒண்ணு... கட்டில் ரெண்டு..." என்றுதான் வந்தது.

நான் ஓய்வுபெற்று வெகு நாள் வரை, எங்காவது மணியடித்தால் கை தானாகச் சாக்பீஸைத் தேடும். சாதாரண பள்ளிக்கூட மணிக்கே உடம்பு இப்படி என்றால், அந்தக் காலை சிஸ்டருக்குள் எப்படித் தங்கியிருக்கும்! விளையாட்டாக அந்த 'உள்ளேன்' பதிலை ஆரம்பித்தவன் நான்தானே என்று எனக்குள் ஓர் உறுத்தல்.

போன மாதம் கூட்டம் குறைந்த நேரத்தில் அவரே சொன்னார்.

"சார், நானு திருவள்ளூர்ல மனநல டாக்டர பாத்துக்கினு இருக்கேன். இப்ப தூக்கம் வருது. பேரு கூப்டறதுதான் வாய்ல வரமாட்டுது. யாருனா பதில் சொல்லாம பூட்டா இன்னா பண்றதுனு நெஞ்சு அடிச்சிக்குது. ஒரே ஒரு பேர்ல ஆரம்பிம்மானு டாக்டரு சொல்லிக்கினே கீறாரு."

"என்னையே கூப்பிடும்மா! நான் எங்க போகப்போறேன்? முதல் தடவையே பதில் சொல்றேன்" என்று பெரிதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று என் டோக்கன் முப்பத்தொன்று. ஓடிக்கொண்டிருந்ததோ ஒன்பது. நேரம் இருக்கிறதே என்று எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டேன்! (கூடவே ஒரு பஜ்ஜி. சுகர்காரன் வீட்டில் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.)

சேகர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடி வருகிறார்.

"யோவ் வாத்யாரே! இங்க பஜ்ஜி துன்னுக்கினு கீறியா? சிஸ்டரு உன் பேர கூப்டுது! நம்பரு இல்ல, பேரு! ரெண்டு தபா கூப்ட்டாச்சு. டீ குடிக்க பூட்டாருனு சொல்றேன், காதுலயே ஏறல அதுக்கு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. வா சார், ஓடியா!"

கையில் டீ கிளாஸோடு ஓடினேன். ஓய்வுபெற்ற பிறகு நான் ஓடியது இன்றுதான்.

வாசலில் கால் வைக்கும்போது மூன்றாவது முறையாக என் பெயர் கேட்டது.

"உள்ளேன் சிஸ்டர்!!!"

வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பாதி டீ என் சட்டையில்.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார் சிஸ்டர். கண்ணில் நீர்.

"மன்னிச்சுக்கோம்மா. சொல்லிட்டு இப்படிப் பண்ணிட்டேன்."

"எங்க சார் பூட்ட? உயிரே பூடுச்சு எனக்கு!" என்றவர், ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "ஆனா பாரேன் சார்... நீ பதிலே சொல்லல. அப்பவும் நான் மூணு தபா கூப்ட்டுட்டேன்!"

பிறகு நோட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சேகர்!"

"கீறேன் சிஸ்டர்!"

அடுத்த பெயருக்கு, தேர்வாய் கண்டிகை கம்பெனி யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், விஷயமே தெரியாமல், "உள்ளேன் சிஸ்டர்!" என்றார். அதற்கப்புறம் வரிசை முழுக்க அதுதான்! ஒரே சிரிப்பு!

நானும் சிரித்துக்கொண்டே மேசைக்குப் போனேன்.

"லேட்டா வந்தவங்க வெளிய நில்லுங்க சார். கடைசியாத்தான் மாத்திர!"

முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளை வாசலில் நிற்கவைத்தவன், முக்கால் மணி நேரம் வாசலில் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக! (பழைய மாணவர்கள் கைதட்டலாம்.)

கிளம்பும்போது, இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"பேரு போட்டே எழுது சார். மனசு டாக்டர்கிட்ட போறதுக்கு வெக்கப்பட்டுக்கினு எத்தினி நர்ஸுங்க கீறாங்க, அவங்க படிக்கட்டும்."

எழுதிவிட்டேன்.

முதுகில் எழுதியிருந்ததால் எனக்கு அவர் பெயர் தெரிந்தது. அந்த நாட்களில் உங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

கீழே எழுதிக் கூப்பிடுங்கள். மூன்று முறைகூடக் கூப்பிடலாம். எங்கிருந்தாவது ஒருவர் "உள்ளேன்" என்று சொல்லட்டும்!