அக்காவின் கற்கண்டுப் போத்தல்

எங்கள் அக்கா பிறந்தது கரவெட்டி, வாழ்க்கைப்பட்டது கோப்பாய். இடப்பெயர்வுக் காலத்தில் மரத்தடியில் நின்றும் விஞ்ஞானம் படிப்பித்தவர். அத்தான் காலமான பின்பும், தனக்கே நோய் வந்த பின்பும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. குணத்தில் தங்கம். ஆனால் பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது!

சென்ற தவணை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு கற்கண்டு வளர்க்கத் தொடங்கினார். கொதிநீரில் இனிக் கரையாது என்னும் வரை சீனியைக் கரைத்து, போத்தலில் ஊற்றி, ஒரு நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அக்காவோ ஓயாமல் நூலைத் தூக்கிப் பார்ப்பார், பிள்ளைகளும் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அடியில் சீனிதான் மிஞ்சியது.

நோய் கூடி லீவில் நின்றபோது வீட்டிலும் ஒரு போத்தல் வைத்தார். "கல்லு விளைஞ்சவுடனை கொண்டு வாறன்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார். நூலில் முதல் மினுக்கம் தெரிந்த அன்று, "தம்பி, ஓடிவா! பிடிச்சிட்டுது!" என்று கட்டிலில் இருந்தபடியே கைதட்டினார். எழுந்துபோய் நூலைத் தூக்க உடம்பில் பலம் இருக்கவில்லை. அந்தக் கிழமையே எங்களை விட்டுப் போய்விட்டார்.

செத்தவீட்டில் பெரியம்மா, துடக்கு, தீட்டு என்று பாத்திரங்களில் இருந்த தண்ணீரையெல்லாம் வெளியே ஊற்றிக்கொண்டு வந்தார். அவரது கை போத்தலுக்கும் போனது.

"பெரியம்மா, ஆட்டாதேங்கோ! உது அக்கான்ரை கற்கண்டு. பிள்ளையளுக்குக் குடுக்கிறன் எண்டு சொன்னவ!"

நான் போட்ட சத்தத்தில் ஒப்பாரியே நின்றுவிட்டது. பெரியம்மா குனிந்து உற்றுப் பார்த்தார். "ஓமடா, விளையுது!" என்றவர் கதிரையை இழுத்துப் போத்தலுக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்துகொண்டார். பிறகு மேளகாரரைக்கூட, "அங்காலை தள்ளி நிண்டு அடியுங்கோ" என்று விரட்டினார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்தபின் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியம்மா நூலைத் தூக்கினார். அப்பப்பா! பெருவிரல் பருமனில், பட்டை பட்டையாக, வெளிச்சம் ஊடுருவும் கல்! பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஒருத்தி மட்டும் மெல்லச் சொன்னாள்: "இந்தமுறை ரீச்சர் தூக்கிப் பார்க்கேல்லை. அதுதான்."

எல்லோரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது.

நோயில் உடனிருந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், அத்தனை சனத்துக்குள்ளும் போத்தல் மேசையை இடிக்காமல் நடந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

அக்கா, கல் விளைந்துவிட்டது. பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டோம்.