எந்த மழையின் தண்ணீர்

குகையை விட்டு வெளியே வந்த பிறகு பல மாதங்களுக்கு நான் லிஃப்டில் ஏறவில்லை. குளியலறைக் கதவைத் தாழிடவில்லை. பெருமாநல்லூரில் அண்ணனுடைய பனியன் கம்பெனிக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அதில் வாசலைப் பார்த்த அறையாகத் தேர்ந்தெடுத்துப் பாயை விரித்துக்கொண்டேன். அண்ணி ஒரு போர்வையைக் கொண்டுவந்து வைத்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்டாலும் விழித்துக்கொண்டேன்.

நான் பாறைகளின் வேதியியல் படித்தவள். சுண்ணாம்புக்கல் குகைகளில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் துளி சுண்ணாம்பை விட்டுப் போகும். அது படிந்து படிந்து தரையிலிருந்து ஒரு கல்தூண் எழும்பும். அந்தச் சுண்ணாம்புக்குள், அன்றைக்குப் பெய்த மழையின் ஆக்சிஜன் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜனில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. நல்ல மழைக்காலத்தில் படிந்த சுண்ணாம்பில் கனமானது குறைந்திருக்கும், வறட்சியில் கூடியிருக்கும். கல்லை நெடுக்காக அறுத்து, அடுக்கடுக்காகப் பொடி எடுத்து, கருவியில் இட்டு அளந்தால் மன்னர்கள் காலத்துப் பஞ்சமும் தெரியும், அதற்கு முந்தியதும் தெரியும். அண்ணன் தன்னிடம் பனியன் வாங்க வரும் பையர்களிடம் இதைச் சுருக்கமாகச் சொல்வான்: "எந்தங்கச்சி கல்லைச் சொரண்டி மழை பாக்கறாளுங்க."

சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருக்க எனக்கு வராது. ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே பாடம் படித்தவள், படிப்பு முடிந்ததும் ஊரை விட்டு ஓடினேன். ஒரு ஆய்வகத்தில் சேர்ந்து பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பம் போட்டிருப்பேன். கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று விசாரித்தே அலுத்துப்போனார்கள். என்னைக் கொஞ்ச நேரமாவது அமைதியாக உட்காரவைத்த இடம் குகை ஒன்றுதான். அங்கே எதுவும் அவசரப்படுவதில்லை.

அந்தக் குகை வடகிழக்கு மலைகளில் இருந்தது. சொட்டு விழுவதைப் பதிவு செய்யும் கருவியில் பேட்டரி மாற்றுவதற்காக நானும், கூட வேலை செய்யும் ஒரு வங்காளப் பெண்ணும் உள்ளே போனோம். மழைக்காலம் தொடங்கவில்லை என்று நம்பிப் போனோம். மலையின் மறுபக்கம் எங்கேயோ பெய்திருக்கிறது. நாங்கள் வயிற்றால் தவழ்ந்து வந்த வழியில் முதலில் ஒரு குளிர்காற்று வந்தது, பிறகு சத்தம், பிறகு தண்ணீர். நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தோம். பேட்டரி தீராமல் இருக்க, ஒருத்தி விளக்கை எரித்தால் மற்றவள் அணைத்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவள் தன் அம்மா மீனை எப்படிக் கழுவுவாள் என்று விவரமாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே எங்களுக்குக் கீழே பாறையில் தெரிந்த ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டது, மூடியது. பிறகு ஏறவில்லை. கோடு மறுபடி வெளியே வந்தபோது இரண்டு பேரும் அழுதோம்.

தண்ணீர் வடிந்து வெளியே வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் அடுத்த மாதமே வேறொரு குகைக்குப் போய்விட்டாள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

ஊரில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மொட்டை மாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பார்த்துப் பார்த்து ஒரு நாள் அண்ணன் சொன்னான்: "அம்மிணி, இப்படியே நடந்துட்டிருந்தீன்னா கால்தான் தேயும். செக்கிங்ல போயி உக்காரு. நாலு பேருகூடப் பேசுன மாதிரி இருக்கும்."

போய் உட்கார்ந்தேன். டீ-ஷர்ட்களை மேஜையில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்க்க வேண்டும். எனக்கு எதிரே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. சில நாள் என்னைக் கவனித்துவிட்டு, கையிலிருந்த துணியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "மேடம், நீங்க பீஸைப் பாக்கல. திரும்பித் திரும்பி வாசலத்தான் பாக்கிய."

நான் காரணத்தைச் சொன்னேன். வீட்டில்கூட அவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. அவர் கையிலிருந்த துணியை மேஜையில் வைத்தார். எழுந்து தன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அப்ப நீங்க இங்கன வந்து இருங்க. வாசலுக்கு நேரா. எனக்கு எங்க இருந்தா என்ன."

ஒரு மதியம் கோடை மழை இறங்கியது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் மெஷின் சத்தமே கேட்கவில்லை. எல்லாரும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினார்கள். நான் சாய ரசாயனம் வந்த ஒரு காலி கேனைப் பார்த்தேன், வேண்டாமென்று சமையலறைக்கு ஓடி அண்ணியின் எவர்சில்வர் குண்டாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நனைந்தபடி நின்று மழையைப் பிடித்து, சின்னக் குப்பியில் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடினேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. கை தன்பாட்டுக்குச் செய்தது.

அதற்குப் பிறகு அது ஒரு வெறியானது. ஒவ்வொரு மழையையும் பிடித்தேன். மழை இல்லாத நாட்களில் கிணறு, போர்வெல், வாய்க்கால் என்று தண்ணீர் எடுக்கக் கிளம்பினேன். பல்லடம் போகும் தனியார் பஸ்ஸில், உட்கார இடம் இருந்தாலும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். கணியூர் வாய்க்கால் வரைக்கும் அண்ணியின் ஸ்கூட்டியில் போனேன். குப்பிகள் சேரச் சேரப் பார்சல் கட்டி அந்த வங்காளத் தோழிக்கு அனுப்பினேன். அவள் ஆய்வகத்தில் அளந்து சொன்னாள். பழைய பதிவுகளில் இருந்த ஐப்பசி மழைக்கும் நான் பிடித்த ஆடி மாதத் தூறலுக்கும் ஆக்சிஜன் கணக்கு வேறுவேறாக இருந்தது. பெரும்பாலான கிணறுகளில் ஐப்பசி மழை தெரிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் எதிலும் சேரவில்லை. பல்லடத்துக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் தாய்மாமாவின் ஆழ்துளைக் கிணறு. தண்ணீரின் வயதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் செய்துவிட்டுத்தான் அவள் அழைத்தாள். அந்தத் தண்ணீரில் நம் காலத்து மழை ஒரு சொட்டுகூட இல்லை.

மாமா அதைவிட ஆழமாக இன்னொரு போர் போட வண்டிக்குச் சொல்லியிருந்தார். மறுநாளே கிளம்பிப் போனேன்.

"மாமா, நீங்க எடுக்கற தண்ணி பல நூறு வருசத்துக்கு முந்திப் பேஞ்ச மழைங்க. இன்னைக்குப் பேயற மழை அந்த ஆழத்துக்குப் போயிச் சேர்றதில்லீங்க. எடுத்தா எடுத்ததுதானுங்க."

அவர் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"இருக்குதில்ல?"

"இப்போதைக்கு இருக்குதுங்க."

"அப்ப எடுக்கறேன். எந்த வருசத்துத் தண்ணின்னு கோழி கேக்காது அம்மிணி."

"தீந்துபோச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"எம்பட பையன் கனடாவுல இருந்து வரமாட்டேன்னுட்டான். யாருக்கு மிச்சம் வெக்கச் சொல்றே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பழைய பஞ்சங்களைப் பற்றி மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சு எதுவும் இந்தக் கேள்விக்கு உதவவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

போர் வண்டி வந்தது. துளையிலிருந்து வெள்ளைப் புழுதியாகவே வந்துகொண்டிருந்து, கடைசியில் ஈரம்கூடப் படாமல் நின்றுபோனதாக அண்ணன் வந்து சொன்னான். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. வாரங்கள் கழித்து மாமாவே போன் செய்தார். நான் சொன்னது சரியாகப் போயிற்று என்றெல்லாம் அவர் பேசவில்லை. "கோழிச் செட்டுக் கூரைத் தண்ணிய நம்ம வத்திப்போன பழைய கெணத்துக்குள்ள உடலாமா? உன்னையத்தான் கேக்கோணும்னு நெனச்சேன்" என்றார்.

விட்டோம். முதல் மழையில் இறகும் எச்சமும் கிணற்றுக்குள் இறங்கி நாற்றம் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. அத்தை என்னோடு பேசவில்லை. கிணற்றை இறைத்துக் கழுவினோம். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளிவிட ஒரு குழாய் வைத்து, மீதி வடிந்து இறங்கக் கருங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு தொட்டி கட்டினோம். கார்த்திகையில் கிணற்றில் தண்ணீர் நின்றது. குடிக்க ஆகாது, ஷெட் கழுவவும் தென்னைக்கு விடவும் போதும். ஆழ்துளைக் கிணற்றின் பழைய தண்ணீரைக் கோழிக்கு மட்டும் எடுக்கிறேன் என்றார் மாமா. முழுக்க நிறுத்தவில்லை.

அந்தக் கிணற்றில் நின்ற தண்ணீரில் மாதிரி எடுக்க நான்தான் இறங்கினேன். கல்படிகள் பாதி வரைக்கும் இருந்தன, அதற்குக் கீழே கயிற்று ஏணி. பாதி தாண்டியதும் வானம் ஒரு வட்டமாகச் சுருங்கியது. குப்பியை முக்கி எடுத்தேன், எப்படி மேலே வந்தேன் என்று நினைவில்லை. தென்னைமரத்தடியில் வாந்தி எடுத்தேன். மாமா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, "ஆள வெச்சு எடுக்கலாமல்ல கண்ணு" என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் மறுபடி இறங்கினேன். அப்போதும் வானம் சுருங்கியது. ஆனால் வாந்தி வரவில்லை.

தை பிறந்ததும் வேலைக்குத் திரும்பினேன். அண்ணன் ரயிலடிக்கு வந்தான். "ஒரு எடத்துல இருக்கவே மாட்டியா அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான்.

இந்த முறை ஆந்திரப் பக்கத்துக் குகை. அகலமான வாய், காய்ந்த தரை, வெகுதூரம் வரை பகல் வெளிச்சம் வரும். வெளிச்சம் விழும் எல்லையில் உட்கார்ந்து கருவிகளைச் சரிபார்த்தேன். ஒரே கருவியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். வங்காளத் தோழி விளக்குத் தொப்பியோடு முன்னால் போயிருந்தாள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. நல்ல கல் ஒன்று இருக்கிறதாம், இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறதாம், வா என்றாள்.

"நீ பேசிக்கிட்டே இரு" என்றேன்.

அவள் ஏதோ மீன் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள். எழுந்து நின்றேன். மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும் என்று சுவரில் கை வைத்துக் காத்திருந்தேன். அது வரவில்லை. வராமலேயே உள்ளே நடந்தேன்.