திருப்பி அனுப்பினால் டீ வாங்கித் தந்தவர்

முதுநிலை விலங்கியலின் பாடத்திட்டக் குழு கூடியிருந்தது. ஒரு பாடத்தாளை எடுப்பதா வைப்பதா என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அதிர்ந்தது. மணமேல்குடியிலிருந்து பேராசிரியர் அடைக்கலத்தின் மகன்.

"அப்பா போயிட்டாங்க அத்தை. காப்பி குடிச்சுட்டுப் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்படியே நாற்காலியில சாஞ்சுட்டாங்க."

குழுவிடம் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினர், கூட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். நியாயந்தான். ஆனால் அந்தக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர் அடைக்கலம் சார். எடுத்த பொருளைப் பாதியில் விட்டுக் கலைகிற கூட்டத்தை அவர் 'பந்தியில் பாதி எழுந்த கூட்டம்' என்பார். "இதை முடிச்சுட்டே போவோம்" என்றேன். முடித்தோம். பிறகு எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டு, ஒரு வண்டி பிடித்து மணமேல்குடிக்குப் புறப்பட்டோம். வழி நெடுக அவரைப் பற்றியே பேச்சு. ஒரு சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் அவ்வளவு சிரித்திருக்கக் கூடாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடைக்கலம் சார் புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் பணியாற்றி, சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். மணமேல்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கணீரென்ற குரல். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அவர் சிரித்தால் இந்தக் கோடியில் இருக்கும் தாவரவியல் துறைக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள்.

பாடம் நடத்துவதைப் பல பேர் நன்றாகச் செய்வார்கள். பாடத்திட்டக் கூட்டத்தை விரும்புகிற மனிதரை நான் அவரிடம்தான் முதலில் கண்டேன். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. பாடங்களை நாங்களே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் நினைத்தபடி மாற்றிவிட முடியாது. துறை எழுதியதைப் பாடத்திட்டக் குழு அலசும். அதில் பல்கலைக்கழகம் அனுப்பும் பிரதிநிதி ஒருவர், வெளியூர்ப் பேராசிரியர்கள், தொழில் துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர் என்று பலர் இருப்பார்கள். அவர்கள் ஏற்றதைக் கல்லூரியின் கல்விப் பேரவை மறுபடி அலசி ஒப்புதல் தரும். எங்களில் பெரும்பாலோருக்கு இது ஒரு சடங்கு. வடை வருவதற்குள் முடிந்துவிட்டால் நல்ல கூட்டம்.

அவருக்கு அப்படியில்லை. "சந்தையில கத்திரிக்காய் வாங்குறப்பவே நாலு தரம் திருப்பிப் பாக்குறோம். ஒரு புள்ள ரெண்டு வருஷம் படிக்கப்போற படிப்பை நாலு பேரு திருப்பிப் பாத்தா என்னங்க?" என்பார்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தாளுக்குப் பாடத்திட்டம் எழுதிக்கொண்டு போனேன். பெரிய பல்கலைக்கழகங்களில் இருப்பதையெல்லாம் சேர்த்திருந்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு சாந்தி மேடம். இதுல சொல்லியிருக்கிற மிஷினு நம்ம லேப்ல எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப புள்ளைக படத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கலாம்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து இருவருமாக அதைச் செய்யக்கூடிய பாடமாக மாற்றினோம். அன்று தொடங்கிய நட்பு.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் மாணவர்களில் கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் உண்டு. விலங்கியலில் முதுநிலை படிக்கிறார்கள். ஆனால் கடலுயிர்களைக் கண்ணாடிச் சீசாவில் ஊறவைத்த நிலையில்தான் பார்க்கிறார்கள். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்திலேயே தங்கி, கரைக்கு வரும் மீனையும் இறாலையும் இனம் பிரித்து, அளந்து, ஆராய்வதை ஒரு தாளாக வைக்கவேண்டும் என்றார். துறையில் எழுதினோம். பாடத்திட்டக் குழுவும் ஏற்றது. கல்விப் பேரவையில்தான் சிக்கல். ஆசிரியர்கள் துறைமுகத்துக்குப் போய்விட்டால் மற்ற வகுப்புகள் பாதிக்கும், ஆகவே மே மாத விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அடைக்கலம் சார் எழுந்தார். "ஐயா, மே மாசம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போகாது. ஆளுங்க வலையச் சரிபண்ணிக்கிட்டுக் கரையில உக்காந்திருப்பாங்க. எங்க புள்ளைக மீனுக்குப் பதிலா அவங்களைத்தான் அளந்துட்டு வரணும்."

பேரவை முழுவதும் சிரித்தது. சிரித்துவிட்டு, 'மறுபரிசீலனைக்கு' என்று எழுதித் திருப்பி அனுப்பியது.

நான் முகம் வாடி வெளியே வந்தேன். அவரோ எங்கள் துறையினர் அனைவரையும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடைக்கு அழைத்துப்போய் டீயும் போண்டாவும் வாங்கித் தந்தார்.

"எதுக்கு சார் இது? திருப்பியில்ல அனுப்பிட்டாங்க!"

"திருப்பி அனுப்பியிருக்காங்கன்னா படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். படிக்காமப் பாஸ் பண்ணியிருந்தாத்தாங்க நான் கவலைப்படணும்."

அதற்குப் பிறகு எந்தப் பாடம் திரும்பி வந்தாலும் எங்களுக்கு டீ உண்டு. ஒப்புதல் வந்த நாளில் ஒன்றும் கிடையாது.

மறுபடி எழுதுகையில் தாளை மூன்றாம் பருவத்துக்குக் கொண்டுவந்தார். தடைக்காலம் முடிந்திருக்கும், அடைமழை தொடங்கியிருக்காது. ஆனால் அந்த இடத்தில் என்னுடைய நோய்த்தடுப்பியல் இருந்தது. அது நானே பார்த்துப் பார்த்து வளர்த்த பாடம். அதை நான்காம் பருவத்துக்குத் தள்ளவேண்டும் என்றார். நான் மறுத்தேன். சில நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

"ஒங்க பேப்பரைத் தூக்குறேன்னு சொல்லலீங்க. நகத்துறேங்கிறேன்" என்று ஒரு நாள் வந்து நின்றார்.

"தூக்குறவங்க எல்லாம் முதல்ல நகத்தத்தான் செய்வாங்க" என்றேன். அதற்கும் சிரித்தாரே ஒழிய விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் முனீஸ்வரி துறைக்கு வந்து நின்றாள். இரண்டாம் பருவம் முடிக்கப்போகும் மாணவி, ஜெகதாப்பட்டினத்துப் பெண். அவள் அப்பா போன படகு எல்லை தாண்டியதாகக் கடலில் பிடிபட்டு, அவர் அக்கரையில் காவலில் இருந்தார். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. விடியற்காலையில் துறைமுகத்தில் இறால் பிரிக்கும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அது முடிந்து பேருந்து பிடித்துப் புதுக்கோட்டை வந்து சேர்ந்தால் மதியம் ஆகிவிடும். இந்தப் பருவத்தைத் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றிவிட்டாள். அடுத்ததற்கு வருகைப்பதிவு தேறாது.

"டி.சி. வாங்கிக்கிறேன் சார். அப்பா வார வரைக்கும் நான் அங்கிட்டு இருந்தாத்தான் வீடு நடக்கும்" என்றாள். அழவில்லை. அதுதான் எங்களைக் கலக்கியது.

"கொஞ்சம் பொறும்மா. டி.சி. எங்கயும் ஓடிப்போயிறாது" என்று அவளை அனுப்பிவைத்தார் சார்.

அவள் போனதும் நான் சொன்னேன்: "பேசாம அட்டெண்டன்ஸ் போட்டு விட்டுருவோம் சார். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் சிரிக்கவில்லை. நான் அவரை அப்படிப் பார்த்த ஒரே சமயம் அது.

"ஒரு புள்ளைக்காக விதியை வளைச்சா அது நம்ம தயவு. அந்தப் புள்ள காலம் பூரா நம்மளைப் பாத்துத் தலைகுனியணும். அடுத்த வருஷம் இன்னொருத்தி வருவா. அன்னைக்கு நம்ம இடத்துல யாரு இருப்பாகளோ? விதியை மாத்திப்புட்டா எவளும் எவனுக்கும் கும்பிடு போட வேணாங்க."

அன்று மாலையே என் நோய்த்தடுப்பியலை நான்காம் பருவத்துக்கு நகர்த்திக்கொள்ளச் சம்மதித்தேன். கூடவே ஒரு சண்டையும் போட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்து மாணவர்கள் எடுக்கும் பதிவுகளை மதிப்பிடும் முறை அவர் எழுதியதில் தெளிவாக இல்லை என்று. "இதைத்தானே இத்தனை நாளா எதிர்பாத்தேன்!" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். துறைமுகக் களப்பணியில் செலவிடும் காலையை வகுப்பு வருகையாகவே கொள்ளலாம் என்று ஒரு விதியும் சேர்த்தோம்.

பாடத்திட்டக் குழுவைக் கூட்டுவதே பெரும் பாடாகிவிட்டது. ஒருவர் வரும்போது இன்னொருவர் இல்லை. எங்கள் குழுவில் தொழில் துறை உறுப்பினர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருந்த காதர் பாய். வருவாரோ மாட்டாரோ என்று சார் தாமே போய் அழைத்தார். "வாரேன் சார். ஆனா நீங்க பேச ஆரம்பிச்சா என் ஐஸ் பூராம் உருகிப்போகும்" என்று சொல்லிக்கொண்டே பாய் வந்து சேர்ந்தார். குழு ஏற்றுக்கொண்டது.

கல்விப் பேரவையில் களப்பணிக்கு அதிக எதிர்ப்பு இல்லை. கடைசியில் இருந்த ஒரு வரிதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: தற்போது பயிலும் மாணவர்களும் விரும்பினால் புதிய முறைக்கு மாறிக்கொள்ளலாம். வழக்கமாக எந்த மாற்றமும் அடுத்துச் சேருகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு விஷயம் தெரியும் அடைக்கலம். ஒரு மாணவிக்காக ஒரு விதியா?"

"ஒரு மாணவியாலதாங்கய்யா நம்ம விதியில ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுச்சு. காமிச்சுக் கொடுத்தவளை நனைய விட்டுட்டு, வரப்போறவங்களுக்கு மட்டும் கூரை மேயுறது நல்லாவா இருக்கு?"

மூத்தவர் வரியை மறுபடி வாசித்தார். களப்பணி நேரத்தில் பாதியைத்தான் வருகையாகக் கொள்ளலாம், அதுவும் ஓர் ஆசிரியர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் மட்டும் என்று இரண்டு திருத்தம் சொன்னார். அந்தத் திருத்தங்களோடு பேரவை எல்லாவற்றையும் ஏற்றது.

வெளியே வந்ததும், "பாதியாக்கிட்டாங்களே சார்" என்றேன்.

"பாதி போதும். அந்தப் புள்ள பரீட்சை எழுதிரும். மிச்சப் பாதியை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கிட்டு வருவோம்" என்றார். சொன்னபடியே பிறகு கொண்டுவந்து வாங்கியும் காட்டினார்.

ஆசிரியர் நேரில் பார்க்கவேண்டும் என்ற திருத்தம் எங்களைத்தான் கடற்கரைக்கு இழுத்தது. நானும் அவரும் மாறி மாறிப் போனோம். ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே முனீஸ்வரியும் அவள் வகுப்புத் தோழர்களும் அளந்துகொண்டிருப்பார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "தனி இருக்கை! முதல்வருக்குக்கூடக் கிடைக்காத மரியாதை" என்பார் சார்.

அவள் அப்பா அந்தப் பருவம் முடிவதற்குள் ஊர் திரும்பினார். படகு திரும்பவில்லை. முனீஸ்வரி தேறினாள், ஆய்வுப் படிப்பும் முடித்தாள். இன்று வேறொரு கல்லூரியில் பேராசிரியர். எங்கள் பாடத்திட்டக் குழுவின் பழைய மாணவர் உறுப்பினரும் அவர்தான். அன்றைக்கு வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அடைக்கலம் சாரின் அந்தத் தாள் பழசாகிவிட்டது, எடுத்துவிட்டு வேறு வைக்கவேண்டும் என்று காலையில் கூட்டத்தில் வாதாடியதும் அவர்தான். "சார் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு நெனக்கிறீங்க மேடம்?" என்று கேட்டார்.

"நல்லா சண்டை போட்டிருப்பாரு. அப்புறம் ஒனக்கு ஓட்டுப் போட்டிருப்பாரு" என்றேன்.

மணமேல்குடியில் தகனம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவில் அவர் மனைவி பாக்கியம் அக்கா சுவரில் சாய்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறு அப்படியே மூடியிருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, அவருடைய கூட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"காலேஜுக்கு வந்துதான் அப்படி ஆனாருன்னு நெனக்கிறீகளா? பொண்ணு பாக்க வந்தப்பவே அப்படித்தான். பெரியவுக எல்லாம் பேசி முடிச்சுத் தட்டு மாத்தப் போனாக. இவரு கையை நீட்டி நிப்பாட்டி, 'பொண்ணுக்கு ஏதும் சொல்ல இருக்கான்னு யாரும் கேக்கலையே'ன்னாரு. எங்கப்பாவுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. நான் உள்ள நின்னுக்கிட்டு, 'மீசைதான் சகிக்கல'ன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிவிட்டேன். வெளாட்டுக்குத்தான் சொன்னேன்."

"அப்புறம்?" என்றாள் ஒரு பெண்.

"கல்யாணத்தன்னைக்கு மழுங்க வழிச்சுட்டு வந்து நிக்கிறாரு! மாப்பிள்ளையை மாத்திப்புட்டாகளோன்னு எனக்குப் பயம் வந்துருச்சு."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அக்காவும் சிரித்தார், கண்ணீர் வழிய வழிய. வாசலில் நின்ற ஆண்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். எதிர்ச்சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம். மேலுதடு மட்டும் வெளுத்துத் தெரிய, இளைஞர் அடைக்கலம் பெரிய காரியத்தை முடித்தவர்போல் மாலையும் கழுத்துமாக நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் முனீஸ்வரி தட்டை எடுத்து வைத்தார். அக்கா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், சார். அக்கா சாப்பிட்டுவிட்டார்.