கக்கிய மருந்தும் எஸ்தர் சிஸ்டரும்

காலையில் மருந்துக் கவுண்டரைத் திறக்கும்போது செய்தி வந்தது. "எஸ்தர் சிஸ்டர் போயிட்டாகண்ணே" என்றார் வார்டிலிருந்து பேசியவர். தேனியில் எங்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் அவருடன் வேலை பார்த்த மருந்தாளுநர் நான். அவருடைய சிடுசிடுப்பு அங்கே வந்துபோன எல்லாருக்கும் தெரியும். "மெஷின் கத்துனா எல்லாரும் ஓடி வருவாக. கத்தாததத்தான் நான் பாக்கணும்" என்பார்.

காமயகவுண்டன்பட்டிக் குழந்தை ஒன்று. பிறந்து பத்தாம் நாளே மதுரையில் இதய அறுவை சிகிச்சை. துடிப்பைப் பலப்படுத்தும் சொட்டு மருந்து மாதம் ஒரு பாட்டில் எங்களிடம் வாங்க வேண்டும். அதன் தாய் பத்து நாள் முன்னதாகவே வந்து நின்றாள். நானும் யோசிக்காமல் பாட்டிலை நீட்டினேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் கையை மறித்தார்.

"அதுக்குள்ள எப்படிம்மா தீந்துச்சு?"

"கக்கிப்புடுறான் சிஸ்டர். கக்குனா மறுபடி ஊத்திருவேன். ஒரு வாரமா அழுகாம நல்லாத் தூங்குறான்."

கக்கினால் மறுபடி ஊட்டுவது நம் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பாலுக்கு அது சரி. இந்த மருந்தோ அளவு கூடினால் தேற்ற வேண்டிய இதயத்தையே மந்தமாக்கிவிடும். கக்குவதும் ஓயாமல் தூங்குவதும் அதன் அறிகுறிகள். சிஸ்டர் குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். நூறைத் தாண்ட வேண்டிய துடிப்பு எழுபதைத் தொடவில்லை. மூன்று நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு குழந்தை பிழைத்தது.

நான் நிம்மதியாக இருந்தேன். அவர் இல்லை. "இதுக்கு முன்னாடி யாராச்சும் இப்படிச் சீக்கிரமா வந்து வாங்குனாகளா?" என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு பெயர் இருந்தது. அந்த வீட்டு எண்ணுக்குப் போன் போகவில்லை. சிஸ்டரே டவுன் பஸ் ஏறிப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"புள்ள போயி இருபது நாளாச்சாம். தூக்கத்துலயே போயிருச்சாம். 'நோகாமப் போனான் சிஸ்டர்'னு அவுக அம்மா சொல்லுது. மருந்தப் பத்தி அதுகிட்ட நான் சொல்லலண்ணே. மருந்துதான்னு நிச்சயமும் இல்ல. நீங்களும் சொல்லிராதீக."

அன்று முதல் கணக்குக்கு முந்தி வருகிற யாருக்கும் கேட்காமல் நான் மருந்து கொடுத்ததில்லை. இறந்த அந்தக் குழந்தையின் ஊர்ப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. அங்கே மருந்தே காரணமாக இருந்திருக்கலாம் என்று தெரிந்தவர்கள் இருவர் இருந்தோம். இனி நான் ஒருவன்தான். சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.