விளிம்பில் இருந்த பெயர்

என் தங்கை லெட்டிஸுக்கும் எலையஸ் கோவருக்கும் பிரெக்கன் ஊர்க் கோயிலில், மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்குள் அவன் யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஊர் பேர் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு அப்புறம் யாரிடம் போய் அழுவது?

கோவர் என் விடுதியில் தங்கியிருந்தான், தோல் பதனிடும் பட்டறையில் வேலை. ஆப்கான் போருக்குப் போய் வந்தவனாம். சாப்பாட்டு மேசையில் கந்தகாரைப் பற்றி அளப்பான். கோட்டில் இரண்டு பதக்கம், தினமும் துடைப்பான். ஆனால் படை முகாம் இருக்கிற தெருவில் மட்டும் கால் வைக்க மாட்டான். சிப்பாய்கள் குடிக்கிற கடையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவான். பதக்கம் வாங்கிய எந்த சிப்பாயாவது நம்மூரில் ஓசி பீரை வேண்டாமென்பானா? அங்கேதான் எனக்கு இடித்தது.

ஒரு நாள் கோட்டைத் தட்டி வைக்கும் சாக்கில் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். படையில் அவரவர் பெயரை வெள்ளி விளிம்பிலேயே வெட்டிக் கொடுப்பார்கள். இரண்டிலும் ஒரே பெயர்: ஜோசப் டிரான்டர். திருடனா, இல்லை எங்கேயோ குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவனா?

அவனைக் கேட்டால் கதை சொல்வான். நேரே முகாமுக்குப் போய் அங்கிருந்த சார்ஜென்ட் ஹாவர்டிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். டிரான்டர் தன் படையில் இருந்தவன்தான் என்றார். சனிக்கிழமை தேநீருக்கு வரச் சொன்னேன்.

வந்தார். கோவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். சார்ஜென்ட் அவனையே பார்த்தார்.

"டிரான்டர் தானே நீ?"

கோவர் நிமிரவே இல்லை. "ஆள் மாறிப் பாக்குறீங்கய்யா. நான் போருக்கே போனதில்ல. இது அடகுக் கடையில வாங்குனது. சும்மா பெருமைக்குப் போட்டுக்கிட்டேன்."

லெட்டிஸின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை என் தங்கை. "வெறும் வெள்ளித் துண்டுக்காக நான் இவரக் கட்டிக்க நெனக்கலக்கா. போர்ல இல்லாட்டிப் போகுது," என்றாள். அவன் கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பாவி, என் மனசே கொஞ்சம் இளகிவிட்டது.

சார்ஜென்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப சரி. டிரான்டரப் பாத்தா ஒரு சேதி சொல்லணும்னு இருந்தேன். அவன் பொண்டாட்டி ரெண்டு வருசம் முந்தியே செத்துட்டா."

வெண்ணெய்க் கத்தி தட்டில் விழுந்தது. பெண்டாட்டி உயிரோடிருக்கிறாள் என்று நினைத்துத்தான் பெயரை மறைத்திருக்கிறான். ஆமாம் என்று முன்னமே ஒப்புக்கொண்டிருந்தால் அவன் கல்யாணத்துக்குத் தடையில்லாதவன். யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

"அந்தப் பிள்ள?" என்றான் கடைசியில்.

"அநாதை விடுதியில."

லெட்டிஸ் அவன் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்துபோய் அவன் கோட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "போய்ப் பிள்ளையப் பாருங்க, டிரான்டர்," என்றாள்.

போனான். பிள்ளையிடம் போனானா, வேறொரு ஊரில் வேறொரு பெயரோடு கந்தகார் கதை அளக்கிறானா, எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. நான் சந்தேகப்பட்டது சரியாகத்தான் போயிற்று. ஆனால் லெட்டிஸ் இப்போதெல்லாம் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.