படகுக்குப் போட்டதைப் பாட்டுப் பெட்டிக்கும் போட்டால்...

ஒலிபெருக்கியின் கூம்பை விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே போக வேண்டும். விட்டால் வெளியே வர வேண்டும். மூச்சு மாதிரி.

போன வியாழக்கிழமை ஜெயந்தி அக்கா என் பழுதுபார்க்கும் கடை மேசையில் கொண்டுவந்து வைத்த ஸ்பீக்கரை அமுக்கினேன். அசையவில்லை. இரண்டு விரலால் அமுக்கினேன். அசையவில்லை. உள்ளங்கையால்... கருங்கல்!

"அக்கா, இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்ணும் பண்ணல தங்கச்சி. ஓரம் கிழிஞ்சிருந்துச்சு. அவருதான் 'நான் ஒட்டித் தாறன்'னாரு. ஒட்டிட்டாரு."

'அவர்' வாசலில் ஓட்டோவில் சாய்ந்துகொண்டு நின்றார். பீற்றர் அண்ணன். அக்காவின் கணவர். தாழ்வுபாட்டுக் கரையில் யாருடைய பைபர் படகு வெடிப்பு விட்டாலும் முதலில் தேடுவது அவரைத்தான். பைபர் துணியை வைத்து, ரெசினைக் குழைத்துப் பூசிவிட்டார் என்றால் படகின் மற்ற இடம் உடையலாம், அந்த இடம் உடையாது.

ஸ்பீக்கருக்கும் அதையேதான் செய்திருந்தார். துணி வைத்து, ரெசின் பூசி, மேலே அழகாகத் தேய்த்தும் விட்டிருந்தார்.

"கடலுக்கே தாங்கும் பிள்ளை," என்றார் பெருமையாக. "தண்ணி ஒரு சொட்டு உள்ளுக்குப் போகாது."

"அண்ணன், இதுக்குள்ள தண்ணி போறேல்ல. சத்தம்தான் வெளிய வரவேணும்!"

விஷயம் இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு வெறும் கடதாசி. அதைச் சுற்றி ஒரு மெல்லிய றப்பர் வளையம் இருக்கும். கூம்பு முன்னும் பின்னும் ஆடுவதற்கு இடம் கொடுப்பது அந்த வளையம்தான். கூம்பு ஆடினால் சத்தம். ஆடாவிட்டால் அது ஒரு பாரமான பெட்டி.

புதிதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கலாம்தான்... பழைய பெட்டிகள் இரண்டையும் வாங்கிய காசை விட அதன் விலை கூட. வளையத்தை மட்டும் மாற்றினால் இரண்டு நாள் மீன் செலவோடு முடிந்துவிடும்.

அக்காவிடம் அதற்கு மேல் காசும் இல்லை, நாளும் இல்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர். ஊர் திரும்பி, இங்கே கலியாணம் முடித்து, தையலில் சேர்த்ததை வைத்து, ஒலிபெருக்கித் தொழிலை விட்ட ஒருவரிடம் இரண்டு பெட்டியும் ஒரு அம்பிளிபையரும் வாங்கினார். வாடகைக்கு விடுவதற்கு. முதல் ஓடரும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான கீரியில் உதைபந்தாட்டப் போட்டி. வழக்கமாக ஒலிபெருக்கி கட்டுகிறவருக்கு அன்று வேறு வேலை. மைதானத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பெட்டி வேண்டும்.

ஒன்று மட்டும் பாடினால்? "பொம்பிளை, அதுவும் முகாமில இருந்து வந்தவ, அவவுக்கு உது சரிவராது" என்று சொல்ல நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். அதற்குப் பிறகு யார் கூப்பிடப் போகிறார்கள்?

"முடியுமா முடியாதா? நேராச் சொல்லுங்க தங்கச்சி."

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். 'முடியுமா' என்று யாராவது கேட்டால் மூளை யோசிக்க முன்பே வாய் 'ஓம்' என்றுவிடும். அன்றும் சொல்லிற்று. அந்த நிமிடமே கொழும்புக் கடையொன்றுக்கு போன் போட்டு, பன்னிரண்டு அங்குல வளையம் ஒன்றை இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன்.

பிறகு ரெசினைக் கழற்றத் தொடங்கினேன். பிளேட்டால் சுரண்டினேன். ரெசின் போகவில்லை, கடதாசிதான் கிழியப் பார்த்தது. பீற்றர் அண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"விலகும் பிள்ளை."

இரும்பு அறுக்கும் வாளின் உடைந்த துண்டு ஒன்று, உப்புத்தாள் ஒன்று. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கே ரெசின் முடிகிறது, எங்கே கடதாசி தொடங்குகிறது என்பது அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மணித்தியாலம். கூம்பின் ஓரம் கொஞ்சம் குறைந்ததே தவிர ஒரு கீறல் இல்லை.

பழுதுபார்ப்பது என்றாலே எங்களுக்கு இறுக்குவதுதான், இல்லையா? ஆடாத கதிரை, ஒழுகாத கூரை, அசையாத கதவு... ஆடினால்தான் வேலை செய்யும் என்று சில பொருட்கள் இருப்பதையே மறந்துவிடுகிறோம். சில மனிதர்களும்தான்!

வெள்ளி காலை வளையம் வந்தது. கூம்பின் மேல் வைத்தேன். வெளி ஓரம் சட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. உள் ஓரம் கூம்பைத் தொடவே இல்லை. சுற்றிவர ஒரு நெல்மணி அகலத்துக்கு இடைவெளி.

பன்னிரண்டு அங்குலம் என்பது வெளிச் சட்டத்தின் அளவு. உள்ளே கூம்பு எவ்வளவு? அதை நான் அளக்கவே இல்லை. உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள்!

பீற்றர் அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நேற்று முழுக்க என்னைப் பாத்துச் சிரிச்சனீர். இண்டைக்கு ஆர்ர முறை?"

"திருப்பி அனுப்பி வேற எடுப்பிக்கலாம் அக்கா," என்றேன், இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல். "திங்கட்கிழமை வந்திடும்."

"திங்கக்கிழமை மேட்ச் இல்ல தங்கச்சி."

அக்கா கூம்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்த இடவெளிக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க."

"மெல்லிசா இருக்கவேணும். மடங்கவேணும். கிழியக்கூடாது."

"அதுக்குப் பேரு துணி!"

போய், லைனிங் துணியும் கத்திரிக்கோலும் கொண்டுவந்தார். நான் நேராக வெட்டப் போனேன். என் கையில் ஒரு தட்டு விழுந்தது.

"நேரா வெட்டினா வளைவுல சுருங்கும். கிராஸா வெட்டணும். பிளவுஸ் கழுத்துக்குப் பட்டி வைக்கிற மாதிரி."

வெட்டினார். பாதி கூம்பிலும் பாதி வளையத்திலுமாக, அந்தப் பட்டி சுற்றிவர ஒரு சுருக்கமும் இல்லாமல் படிந்தது. காய்ந்த பிறகும் வளைகிற றப்பர் பசையை நான் பூசப் பூச, அவர் விரலால் நீவிவந்தார்.

அடுத்தது வளையத்தைச் சட்டத்தில் ஒட்டுவது. அதிலும் ஒரு கண்டம். கூம்பின் அடியில் ஒரு செப்புக் கம்பிச் சுருள், காந்தத்தின் ஒடுங்கிய பள்ளத்துக்குள் நிற்கிறது. ஒட்டும்போது கூம்பு மயிரளவு சரிந்தாலும் சுருள் உரசும். முதலில் கரகரப்பு, பிறகு கருகல். அதனால் நடுவிலிருந்த மூடியைக் கழற்றி, சுருளைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி, பசை காயும்வரை நடுவில் நிறுத்திவைக்க வேண்டும்.

"பழைய எக்ஸ்ரே படம் ஏதும் இருக்கோ அண்ணன்?"

"என்ர கை முறிஞ்ச படம் கிடக்கு."

"உங்கட எலும்பைத்தான் கொஞ்சம் வெட்டப்போறன்."

"வெட்டும் பிள்ளை. கைதான் சுகமாயிட்டுதே."

சனி பின்னேரம் எலும்புத் துண்டுகளை உருவி எடுத்துவிட்டு அமுக்கினேன். உள்ளே போனது. வெளியே வந்தது. உரசல் இல்லை. அக்கா ஒரு முறை அமுக்கினார். பீற்றர் அண்ணன் பத்து முறை அமுக்கினார்.

"போதும் அண்ணன், அது ஆர்மோனியம் இல்லை!"

மூடியைத் திரும்ப ஒட்டினேன்.

ஞாயிறு, கீரி. பெட்டிகள் இரண்டும் பேசின. ஆனால் மைக் பிடித்திருந்த விளையாட்டுக் கழகத்துப் பொடியனுக்கு அது போதவில்லை.

"அக்கா, கூட்டுங்கோ! காத்து சத்தத்தைக் கொண்டுபோகுது!"

அந்தப் பசைக்கு இரண்டு நாள் வயதுகூட ஆகவில்லை. கூட்டினால் கிழியும்.

"இவ்வளவுதான்," என்றார் அக்கா.

"வழமையாக் கட்டுறவர் இதைவிடக் கூட்டித் தாறவர்."

"தம்பி, பந்து உங்க கால்ல. குமிழ் என் கையில."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சத்தத்தையும் கூட்டவில்லை. இரண்டு பெட்டிகளையும் மேசைகளின் மேல் ஏற்றச் சொல்லி, ஆட்கள் இருந்த பக்கமாகத் திருப்பி வைத்தார். கடைசி வரிசைக்கும் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

கடைசி நிமிடத்தில் ஒரு கோல். பொடியன் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டு கத்தினான். நான் ஓடிப்போய்ப் பெட்டியின் வலைக்குள் எட்டிப் பார்த்தேன். கூம்பு துடித்தது, குதித்தது... துணிப்பட்டி அதைப் பிடித்துக்கொண்டே நின்றது.

ஆட்டம் முடிந்ததும் கழகச் செயலாளர் நேராகப் பீற்றர் அண்ணனிடம் வந்தார்.

"அண்ணன், சத்தம் நல்ல கிளியர். அடுத்த மாசம் இறுதிப் போட்டிக்கும் வருவீங்களோ?"

"என்னட்ட ஏன் கேக்கிறீர்? நான் பெட்டி தூக்க வந்தனான். முதலாளி அங்க நிக்கிறா."

செயலாளர் திரும்பி நடந்தார். முழங்கையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் போய், இந்த முறை கொஞ்சம் பணிவாகவே, அதே கேள்வியைக் கேட்டார்.

அக்கா சுற்றுவதை நிறுத்தவில்லை. "தேதியச் சொல்லுங்க. வேற புக்கிங் இருக்கான்னு பாத்துச் சொல்றேன்."

வேறு ஒரு புக்கிங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும்... நீங்களும் வெளியே சொல்லிவிடாதீர்கள்!